பதிவேட்டில் ஏறாத பெயர்கள்



ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நின்றிருந்தோம். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்திருந்த சகோதரர் ஒருவர் அருகில் வந்து கேட்டார்: “ஹஜ்ரத், பிள்ளைகளிடம் தவறாக நடப்பவர்களின் பெயர்களையெல்லாம் சர்க்கார் ஒரு பட்டியலாக வைத்திருக்கிறதாமே. அதற்குக் கோடிக்கணக்கில் செலவும் செய்கிறதாமே. பிறகு ஏன் இந்தச் செய்திகள் நிற்கவில்லை?” மனைவியையும் இரண்டு பெண்மக்களையும் ஊரில் விட்டுவிட்டு மறுவாரம் விமானம் ஏறவிருந்தவர் அவர். அன்று நாம் அவருக்கு அளித்த பதில் முழுமையானதன்று. முழுமையாகச் சொன்னால் அதில் நம் குற்றமும் வெளிப்படும் என்ற தயக்கமே காரணம். அத்தயக்கத்தை விட்டொழித்து இங்கே எழுதுகிறோம்.

அந்தப் பட்டியல் உண்மையில் உள்ளது. 2018 செப்டம்பர் 20 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் பாலியல் குற்றவாளிகளுக்கான தேசியத் தரவுத்தளத்தைத் தொடங்கியது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் அதைப் பராமரிக்கிறது. பாலியல் வன்கொடுமை, குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் முதலியவற்றில் தண்டனை பெற்றோரின் பெயர், முகவரி, புகைப்படம், கைரேகை ஆகியன அதில் இடம்பெறுகின்றன. தொடக்க நாளிலேயே 4.4 லட்சம் பதிவுகள் இருந்ததாக அறிவிக்கப்பட்டது. காவல்துறையும் புலனாய்வு அமைப்புகளும் மட்டுமே அதைப் பார்க்கலாம். பொதுமக்கள் பார்க்க இயலாது.

பணமும் ஒதுக்கப்பட்டுள்ளது. 2012 டிசம்பரில் டெல்லியில் ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமையை அடுத்து, 2013ஆம் ஆண்டின் நிதிநிலை அறிக்கையில் 1,000 கோடி ரூபாயுடன் நிர்பயா நிதி உருவாக்கப்பட்டது. தொடக்க ஆண்டுகளில் அதன் பெரும்பகுதி செலவிடப்படாமலே கிடந்தது என்பது வேறு செய்தி. பின்னர் அதிலிருந்து பாதிக்கப்பட்டோருக்கான ஒருங்கிணைந்த சேவை மையங்கள், காவல் நிலையங்களில் மகளிர் உதவி மேசைகள், 2019 முதல் விரைவுச் சிறப்பு நீதிமன்றங்கள் எனப் பல திட்டங்களுக்கு நிதி சென்றது. 1,023 நீதிமன்றங்கள் திட்டமிடப்பட்டன. அவற்றுள் 389 குழந்தைகள் மீதான குற்றங்களை மட்டும் விசாரிப்பதற்கானவை.

இவை வீண் செலவு என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பதிவேட்டில் ஒரு பெயர் ஏறுவது எப்படி என்று எண்ணிப் பாருங்கள். நீதிமன்றம் தண்டித்தால்தான் பெயர் ஏறும். சாட்சிகள் உறுதியாக நின்றால்தான் நீதிமன்றம் தண்டிக்கும். வழக்குப் பதிவானால்தான் சாட்சிகள் அழைக்கப்படுவர். யாரேனும் புகார் அளித்தால்தான் வழக்குப் பதிவாகும். அந்தப் புகாரோ, ஒரு குழந்தை தன் தாயிடம் தயங்கித் தயங்கிச் சொல்லும் ஒரு சொல்லில் தொடங்குகிறது. காவிரிப் படுகையில் பிறந்தவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. மேட்டூரில் எவ்வளவு நீர் திறந்துவிட்டாலும், தலைமதகு அடைபட்டிருந்தால் கடைமடை வயல் காயத்தான் செய்யும். அரசின் பதிவேடு கடைமடை. அந்தக் குழந்தையின் முதற்சொல் தலைமதகு. அந்த மதகை அடைத்துக்கொண்டு நிற்பது யார்? நாம்தாம். நம் ஜமாஅத்துகள்தாம். நம் குடும்பங்கள்தாம்.

அமெரிக்கா கற்ற பாடம்

பட்டியலைப் பகிரங்கப்படுத்திவிட்டால் போதும் என்று சிலர் வாதிடுகின்றனர். இத்துறையில் நீண்ட அனுபவம் உடைய அமெரிக்காவைப் பார்ப்போம். 1994இல் அந்நாட்டின் மத்தியச் சட்டம் ஒவ்வொரு மாநிலமும் இத்தகைய பதிவேட்டை வைத்திருக்க வேண்டும் என்றது. 1996இல் அதைப் பொதுமக்களுக்கு அறிவிப்பதும் கட்டாயமாயிற்று. 2006இல் வந்த ஆடம் வால்ஷ் சட்டம் பதிவும் கண்காணிப்பும் நடைபெற மானியம் வழங்கத் தனி அலுவலகத்தையே ஏற்படுத்தியது; விதிகளை நிறைவேற்றாத மாநிலத்துக்கு வழங்கும் குற்றவியல் நீதி மானியத்தில் 10 சதவீதம் பிடித்தம் என்றும் அறிவித்தது. அப்படியிருந்தும் பல மாநிலங்கள் அந்த விதிகளை முழுமையாக ஏற்கவில்லை. நிறைவேற்ற ஆகும் செலவு, இழக்கும் மானியத்தைவிட மிகுதி என்பது அவற்றுள் சில கூறிய காரணம்.

மயாமி நகரில் பள்ளிகளிலிருந்து 2,500 அடிக்குள் இவர்கள் குடியிருக்கக் கூடாதென விதி செய்தனர். வாழ இடமின்றி அவர்களுட் பலர் ஒரு கடற்பாலத்தின் அடியில் கூடாரம் அடித்துத் தங்கினர். பாலத்தின் அடியில் கிடப்பவனைக் கண்காணிப்பது எளிதா, ஒரு வீட்டில் இருப்பவனைக் கண்காணிப்பது எளிதா? அஞ்சத் தக்கவனைக் கண்காணிக்க வேண்டியது அறிந்த காவல்துறையின் கடமை. தெருவுக்குத் தெரியப்படுத்துவது மக்களின் சினத்தை ஆற்றுமேயன்றிக் குழந்தைக்கு வேலியாகாது.

இதற்கெல்லாம் மேலான உண்மை ஒன்று உண்டு. குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்கு முன்பே அறிமுகமானவர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் காட்டுகின்றன. உறவினர், அண்டை வீட்டார், குடும்ப நண்பர், ஆசிரியர். பட்டியலில் உள்ள அந்நியனைத் தேடி நாம் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஆபத்தோ பெரும்பாலும் கூடத்தில் அமர்ந்து நம் வீட்டுத் தேநீரைக் குடித்துக்கொண்டிருக்கிறது.

நாம் வாய்மூடி இருந்த இரவு

சில ஆண்டுகளுக்கு முன் டெல்டாவின் ஓர் ஊரில் நடந்தது இது. ஊரின் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கு வேண்டா. பத்து வயது நிரம்பாத சிறுவன் ஒருவன் அஸருக்குப் பின் மத்ரஸாவுக்குப் புறப்படும் நேரத்தில் நாள்தோறும் வயிற்றுவலி என்றான். முதலில் அதட்டினர், பின்னர் மருத்துவரிடம் காட்டினர். ஒரு நாள் தாயின் மடியில் கிடந்து உண்மையைச் சொன்னான். தந்தை வெளிநாட்டில். தாய் வேறு யாரிடம் போவாள்? ஜமாஅத்திடம் வந்தாள்.

இஷாவுக்குப் பின் பெரியவர்கள் கூடினர். குற்றம் சாட்டப்பட்டவர் அழுதார். மன்னிப்புக் கேட்டார். குர்ஆனின் மீது சத்தியம் செய்தார். மஸ்லஹத் ஆயிற்று. ஃபஜ்ருக்கு முன் அவர் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்று முடிவு செய்து, வழிச்செலவுக்குப் பணமும் கொடுத்தனுப்பினர். “பிள்ளையின் எதிர்காலத்தை நினைத்துப் பேசாமல் இரும்மா” என்று தாய்க்கு அறிவுரை சொன்னார்கள். அந்த அமர்வின் ஓரத்தில் நாமும் அமர்ந்திருந்தோம். வாய் திறக்கவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து, அதே மனிதர் வேறு மாவட்டத்தில் சிறுவர்களுக்கு ஓதிக்கொடுத்துக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டோம். பழைய ஊரிலிருந்தே நற்சான்றுக் கடிதம் பெற்றுச் சென்றிருந்தார். அக்கடிதத்தில் கையெழுத்திட்டது நாமல்ல. ஆனால் அது எழுதப்படாமல் தடுத்ததும் நாமல்ல. அன்று 1098 எண்ணை அழைத்தோம். இரண்டு ஆண்டுகள் தாமதமாக அழைத்தோம். அந்த இடைவெளியில் எத்தனை பிள்ளைகள் அவர் முன்னிலையில் அமர்ந்தார்களோ, அவர்களைக் குறித்து மறுமையில் நம்மிடமும் கேட்கப்படும் என்றே அஞ்சுகிறோம்.

அரசு எத்தனை கோடி செலவிட்டாலும் அந்த மனிதரின் பெயர் அன்று பதிவேட்டில் ஏற வழியில்லை. ஏறவிடாமல் செய்தது பணக்குறையன்று. இஷாவுக்குப் பின் கூடிய பத்துப் பேரின் முடிவு.

மார்க்கத்தின் பெயரால் சொல்லப்படும் சாக்குகள்

முதலாவது சாக்கு: ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்ற நபிமொழி. நபிமொழி உண்மை. நாம் அதற்குக் கொடுக்கும் பொருள்தான் பொய். ஸஹீஹ் முஸ்லிமின் விரிவுரையில் இமாம் நவவீ (ரஹ்) இதைத் தெளிவாக வரையறுத்துள்ளார். தீங்கும் குழப்பமும் செய்பவராக அறியப்படாதவர், கடந்துபோன தம் பிழை ஒன்றில் மறைக்கப்படுவதைப் பற்றியது அது. பிறருக்குத் தீங்கிழைப்பவரை மறைத்தால் அவருக்குத் துணிச்சல் கூடும். அத்தகையவரின் விவகாரத்தை ஆட்சியாளரிடம் கொண்டு செல்ல வேண்டும் என்பதே அவர் தரும் விளக்கம். தன் அறைக்குள் பாவம் செய்து வருந்துபவனுக்குத் திரை உண்டு. பிறர் பிள்ளையின் உடலைக் காயப்படுத்தியவனுக்கு என்ன திரை?

இரண்டாவது சாக்கு: நான்கு சாட்சிகள் எங்கே என்ற கேள்வி. இருவர் இசைந்து செய்த விபசாரத்துக்கு ஹத்து எனும் தண்டனை நிறைவேற்றவும், பத்தினிப் பெண்கள் மீது அவதூறு சொல்பவரைத் தடுக்கவும் வந்த நிபந்தனை அது. பெண்ணின் மானத்தைக் காக்க வந்த சட்டத்தை, காயப்பட்ட குழந்தையின் வாயை அடைக்கும் துணியாக்கிவிட்டோம். வன்முறையால் ஒருவரின் மானத்தைப் பறிப்பதை வழிப்பறிக் கொள்ளையின் வகையில் சேர்த்து, பொருளைப் பறிப்பதினும் அது கொடிது என்று வாதிட்டவர் மாலிக்கீ மத்ஹபின் பேரறிஞர் இப்னுல் அரபி. இக்கருத்து நேற்று முளைத்ததன்று.

மூன்றாவது சாக்கு: வெளியே தெரிந்தால் சமுதாயத்தின் மானம் போகும், ஏற்கெனவே நம்மைக் குறை சொல்லக் காத்திருப்போருக்கு ஆயுதம் கொடுத்ததாகும். இந்த அச்சத்தை நாம் இகழவில்லை. ஓர் ஊரில் ஒருவன் செய்த குற்றத்துக்கு ஒரு சமுதாயமே கூண்டில் நிறுத்தப்படும் காலம் இது. ஆயினும் மறைத்தது பின்னொரு நாள் வெளிப்படும்போது என்னவாகும்? அப்போது ஒருவனின் குற்றம் ஊரின் குற்றமாகிவிடும். நீதியை நிலைநாட்டுங்கள், அது உங்களுக்கோ, பெற்றோருக்கோ, உறவினருக்கோ எதிராக அமைந்தாலும் சரியே என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் தரும் கட்டளை. சமுதாயத்தின் மானம் காக்கப்பட வேண்டும் என்பவர்கள் அந்தக் கட்டளைக்கு எங்கே இடம் வைத்திருக்கிறார்கள்? சமுதாயத்தின் மானம் என்பதே அந்தச் சிறுவனின் மானம்தான்.

அபூதாவூதிலும் திர்மிதீயிலும் வாயில் பின் ஹுஜ்ர் (ரலி) வழியாக ஒரு நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. தொழுகைக்குப் புறப்பட்ட ஒரு பெண்ணை ஒருவன் வழியில் வன்கொடுமை செய்தான். அவள் கூக்குரலிட்டாள். அவ்வழியே வந்த வேறொருவரைப் பிடித்து வந்து, இவர்தாம் என்றனர். தண்டிக்கும் வேளையில் உண்மைக் குற்றவாளி எழுந்து ஒப்புக்கொண்டான். நபி (ஸல்) அவர்கள் அப்பெண்ணை, அல்லாஹ் உன்னை மன்னித்துவிட்டான் என்று கூறி அனுப்பினார்கள். தவறாகப் பிடிக்கப்பட்டவருக்கு நல்வார்த்தை சொன்னார்கள். இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. பாதிக்கப்பட்டவளின் குரல் கேட்கப்பட்டது. நீ ஏன் தனியே போனாய் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. அதேவேளை, குற்றமற்ற ஒருவர் தண்டனையின் விளிம்பு வரை சென்று மீண்டார். ஆகவே கேட்பதும் கடமை, விசாரிப்பதும் கடமை. விசாரிக்கும் ஆற்றல் உடையது நீதிமன்றம். இஷாவுக்குப் பிந்தைய அமர்வு அன்று.

சட்டம் நம்மிடம் கேட்பது

போக்சோ எனப்படும் 2012ஆம் ஆண்டுச் சட்டம் சிறுவர், சிறுமியர் இருபாலாருக்கும் உரியது. அதன் 19ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறையிடம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காதவருக்கு 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தமக்குக் கீழ்ப் பணியாற்றுபவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. முத்தவல்லியும் நாஜிரும் தாளாளரும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் நடந்த போலி என்.சி.சி. முகாமில் மாணவியருக்கு இழைக்கப்பட்ட கொடுமை வெளியானபோது, முகாமை நடத்தியவன் மட்டுமன்றி, தெரிந்தும் மறைத்ததாகப் பள்ளி நிர்வாகத்தினரும் கைது செய்யப்பட்டனர்.

மஸ்லஹத்துக்கும் சட்டத்தில் இடமில்லை. ராஜஸ்தானில் ஓர் ஆசிரியர் மீதான வழக்கில் மாணவியின் குடும்பம் சமாதானமாகிவிட்டது என்பதால் உயர்நீதிமன்றம் வழக்கை நீக்கியது. 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்து, இத்தகைய குற்றம் இரு தரப்பாரின் தனிப்பட்ட விவகாரம் ஆகாது என்று தீர்ப்பளித்தது.

குழந்தையைக் காவல் நிலையத்துக்கு இழுத்தடிப்பார்களே என்று தாய்மார் அஞ்சுகின்றனர். அச்சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி, குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலேயே, இயன்றவரை பெண் அதிகாரி ஒருவர், சீருடையின்றி வந்து பதிவு செய்ய வேண்டும். குழந்தையின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவது குற்றம். நல்லெண்ணத்துடன் தகவல் தெரிவித்தவர் மீது வழக்குத் தொடர இயலாது. இவை ஏட்டில் உள்ள அளவுக்கு நடைமுறையில் இல்லை என்பதும் உண்மையே. நடைமுறைக்குக் கொண்டுவரக் கேட்க வேண்டியவர்கள் நாம்தாம்.

நம் கோரிக்கைகள்

அரசிடம் நாம் கேட்பது இது. பட்டியலை நீட்டுவதை மட்டும் சாதனையாகக் காட்டாதீர்கள். 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகள், குழந்தைகளோடு பழகும் ஒவ்வொரு நிறுவனமும் தன் பணியாளர் அனைவரையும் குறிப்பிட்ட கால இடைவெளியில் காவல்துறை வாயிலாகச் சரிபார்க்க வேண்டும் என்கின்றன. சந்தாப் பணத்தில் ஓடும் சிறு மத்ரஸாவும் அங்கன்வாடியும் டியூஷன் நிலையமும் கேட்டால், கட்டணமின்றி, விரைந்து விடை கிடைக்கச் செய்யுங்கள். அதற்குப் பயன்படாத பதிவேட்டால் எங்கள் பிள்ளைகளுக்கு என்ன பயன்? பாதிக்கப்பட்ட குழந்தையின் மனநல ஆலோசனைக்கும் இழப்பீட்டுக்கும் நிதி ஒதுக்குங்கள். ஓராண்டுக்குள் முடிய வேண்டும் எனச் சட்டம் விரும்பும் வழக்கு இழுத்துக்கொண்டே போனால் சாட்சிகள் சோர்ந்துவிடுவர்.

பதிவேட்டில் வேறுபாடும் தேவை. பதின்வயதினரின் காதல் விவகாரங்களைத் தண்டிப்பது இச்சட்டத்தின் நோக்கமன்று என்று சென்னை உயர்நீதிமன்றம் 2021இல் ஒரு தீர்ப்பில் கூறியது. அத்தகைய உறவை நம் மார்க்கம் ஏற்காது. எனினும் அந்த இளைஞனையும், குழந்தைகளை வேட்டையாடுபவனையும் ஒரே வரிசையில் நிறுத்துவது நீதியாகாது. ஆபத்தானவனைப் பட்டியலின் நெரிசலில் தொலைப்பதாகவே அது முடியும்.

ஜமாஅத்துகளிடம் நாம் கேட்பது அதைவிடக் கடினமானது. குழந்தை தொடர்பான எந்தப் புகாரையும் இந்த மஹல்லாவில் மஸ்லஹத் செய்வதில்லை என்று ஏட்டில் தீர்மானம் எழுதுங்கள். ஒருவரைப் பணியில் சேர்க்கும்முன் காவல்துறைச் சரிபார்ப்பைக் கேளுங்கள். முந்தைய ஊரின் நிர்வாகிகளிடம் நேரில் பேசி விசாரியுங்கள். இவ்வாறு கேட்பது உஸ்தாதுகளுக்கு இழிவு என்று எவரும் சொல்ல வேண்டா. நாம் உஸ்தாத், முதலில் நம்மைச் சரிபாருங்கள். ஓதும் அறையின் கதவு திறந்திருக்கட்டும். எந்தப் பிள்ளையும் எந்த ஆசிரியருடனும் தனித்திருக்க வேண்டா. புகார் சொல்ல வரும் தாய் பத்து ஆண்கள் நடுவே நிற்காமல், பொறுப்பான இரு பெண்களிடம் சொல்ல வழி செய்யுங்கள். 1098 எண்ணை அறிவிப்புப் பலகையில் தொழுகை நேரங்களுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

பெற்றோரிடம் ஒன்றே ஒன்று. பிள்ளை சொல்வதை அடித்து அடக்காதீர்கள். பெண்பிள்ளையைக் காக்கும் நாம் ஆண்பிள்ளையைப் பற்றி எண்ணுவதேயில்லை. நாள்தோறும் அஸருக்குப் பின் வயிறு வலிக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால், வலி வயிற்றில்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதத்தைக் கேட்பவன், கணக்குக் கேட்காமல் விடுபவன் அல்லன்.

கேள்வி கேட்ட சகோதரர் இப்போது மீண்டும் வளைகுடாவில் இருக்கிறார். அவருக்கு நாம் தர வேண்டிய முழுப் பதில் இதுதான்: சகோதரரே, பதிவேடு அரசிடம் இருக்கிறது. அதில் ஏற வேண்டிய சில பெயர்கள் நம் ஊர்களில் நமக்குத் தெரிந்தே இருக்கின்றன. அவற்றைச் சொல்ல வேண்டிய நாள் வரும்போது, உங்கள் மனைவி தனியே நிற்க மாட்டார். இம்முறை நாம் வாய்மூடி இருக்க மாட்டோம்.

நம் மௌனத்தின் பாவத்தை வல்ல அல்லாஹ் மன்னித்து, நம் பிள்ளைகளைப் பாதுகாத்து, சத்தியத்துக்குச் சாட்சி சொல்லும் துணிவை நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.